மாடிஃபை வண்டின்னா இப்படித்தான் இருக்குமாம்!

நான் மாற்றிக் கட்டி ஓட்டுகிற பைக்கைப் பார்த்துவிட்டு நேற்று நான்காவது மெக்கானிக்கும் அதையே சொல்லிவிட்டார். "இது மாடிஃபை வண்டி ணா. ஸ்டார்ட்டிங் இப்படித்தான் இருக்கும்." சொல்லிவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற ஸ்கூட்டருக்குப் போய்விட்டார். நான் கொடுத்த 1,800 ரூபாய் அவர் பையில் இருக்கிறது. வண்டி அப்போதும் ஸ்டார்ட் ஆகவில்லை.

இப்படித்தான் என்றால் எப்படி? காய்ச்சல் என்று போகிறவனிடம் "உடம்புன்னா சுடத்தான் செய்யும்" என்று சொல்லி எந்த டாக்டராவது ஃபீஸ் வாங்குவாரா? பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் உள்ளே போக வேண்டும், உள்ளே அமுக்கப்படுகிற அழுத்தம், அதாவது கம்ப்ரெஷன், கசியாமல் நிற்க வேண்டும், நேரத்துக்குப் பொறி விழ வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் எஞ்சின் ஓடியே தீரும். ஓடவில்லை என்றால் மூன்றில் ஒன்று இல்லை. எது இல்லை என்று பார்க்கத்தானே ஐயா உங்களிடம் வந்தேன்!

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் என் வயிற்றெரிச்சல் அடங்காது. விடிகாலை ஐந்தேகால். வியாசர்பாடியில் எங்கள் தெருவில் பால் பாக்கெட்கூட வந்து சேரவில்லை. பசங்க இரண்டு பேர் மூலக்கடையில் காத்திருக்கிறார்கள். பொன்னேரி தாண்டி மண் பாதைக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்புவதாகத் திட்டம். பெட்ரோலைத் திறந்தேன், சோக்கை இழுத்தேன், உதைத்தேன். ஒன்றுமில்லை. எடையைக் குறைக்க செல்ஃப் மோட்டாரை எப்போதோ கழற்றியாகிவிட்டது, அதனால் காலை விட்டால் வேறு வழி கிடையாது. பன்னிரண்டாவது உதையில் கிக்கர் திருப்பி அடித்து முழங்காலுக்குக் கீழே தோல் பெயர்ந்தது. இருபதாவதில் பிளக்கைக் கழற்றினேன். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தது. துடைத்து, உள்ளே கொண்டுபோய் கேஸ் அடுப்பில் காட்டி, சூடு ஆறுவதற்குள் ஓடி வந்து மாட்டி மறுபடி உதைத்தேன். கார்புரேட்டர் வாயில் 'டப்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான்.

எதிர்வீட்டு அக்கா கோலம் போட வந்தார். "இன்னாப்பா, பொழுது விடியறதுக்குள்ள அதைப் போட்டு உதைச்சிக்கினு கீற" என்றார். அயர்ன் கடைக்காரர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் நின்று பார்த்தார். "பெட்ரோல் இருக்கா தம்பி?" இருக்கிறது அண்ணே. "சாவி போட்டியா?" போட்டேன் அண்ணே. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. காசு வாங்கிக்கொண்டு பார்த்தவர்கள் கேட்டதும் இதற்கு மேல் ஒரு கேள்விகூட இல்லையே, அதுதான் கோபம்.

நாற்பத்து மூன்று உதை. எண்ணினேன். அதற்கு மேல் குதிகால் தாங்காமல் கணேசபுரம் சப்வே வரை தள்ளிக்கொண்டு போய், சரிவில் உருளவிட்டு, இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டேன். உடனே பிடித்துக்கொண்டது! நாற்பத்து மூன்று உதைக்கு அசையாத எஞ்சின் பத்தடி உருண்டதும் உறுமுகிறது. மூலக்கடை சிக்னலில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் ஐடில் நிற்காமல் அணைந்தது. மறுபடி உதை. பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பசங்க கிளம்பிப் போனார்கள். நான் அங்கிருந்து வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தேன்.

இப்போது கேளுங்கள். உதைத்தால் ஆகாது, தள்ளினால் ஆகும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் ஆகிறது, மெதுவாகச் சுற்றினால் ஆகவில்லை. அப்படியென்றால் எங்கோ கசிகிறது, வேகமாகச் சுற்றும்போது கசிய நேரம் போதவில்லை. வண்டியே வாய் திறந்து சொல்கிறது! நாலு பேரிடமும் இந்த ஒரு விஷயத்தைத்தான் முதலில் சொன்னேன். நாலு பேர் காதிலும் ஏறவில்லை.

முதல் ஆள் பிளக்கைக் கழற்றி ஹெட்டில் ஒட்டி வைத்து உதைத்துக் காட்டினார். "பாருங்க, கரண்ட் நீலமா வருது. இக்னிஷன் பக்கா." வெளிக்காற்றில் பொறி தாண்டுவது சுலபம். என் எஞ்சினில் ஹெட்டை இழைத்துக் கம்ப்ரெஷனை ஏற்றியிருக்கிறது. அந்த அழுத்தத்துக்குள் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டும். வெளியே வருவதைப் பார்த்து உள்ளேயும் வரும் என்று எப்படி முடிவு கட்டினார்? சரி, புது பிளக் போட்டார், அது நல்லதுதான். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டாவது ஆள் பிளக் கேப்பையும், பொறி விழும் நேரத்தைப் பார்த்துக்கொள்கிற சிடிஐ பெட்டியையும் மாற்றினார். மாற்றுவதற்கு முன் எதையும் அளக்கவில்லை.

மூன்றாவது ஆளை நினைத்தால்தான் இன்னும் ரத்தம் கொதிக்கிறது. 28 மி.மீ. வாய் உள்ள கார்புரேட்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து "ஜெட்டு ணா, ஜெட்டு" என்று மெயின் ஜெட்டை மாற்றினார். மெயின் ஜெட்டை! ஆக்ஸிலரேட்டரை முக்கால்வாசிக்கு மேல் முறுக்கும்போது பெட்ரோல் அளப்பது அது. ஸ்டார்ட் ஆகிற நேரத்தில் வேலை செய்வது சோக்கும், ஐடிலுக்குப் பெட்ரோல் விடுகிற பைலட் ஜெட்டும்தான். வாய் பெரிய கார்புரேட்டரில் உதைக்கிற வேகத்துக்குக் காற்று மெதுவாகத்தான் ஓடும், பெட்ரோலைச் சரியாக இழுக்காது. ஆகவே பார்க்க வேண்டியது பைலட் ஜெட். அதை நானே ஒரு அளவு கூட்டிப் போட்டிருந்தேன், பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்ததாயிற்றே. பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடைக்குக் காற்று 14.7 பங்கு வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். பழைய ஜெட்டையே வைத்திருந்தால் கலவையில் பெட்ரோல் போதாது, குளிர்ந்த எஞ்சின் எழாது. இதை அவரிடம் சொன்னேன். "யூடியூப் பாத்தியா?" என்று கேட்டார்.

நான்காவது ஆள் கார்புரேட்டர் கிட் மொத்தத்தையும் மாற்றிவிட்டு அந்த வேதவாக்கைச் சொன்னார்.

நேற்று அங்கிருந்து நேராகப் பாரிமுனைக்குப் போய், சிறு இடைவெளியை அளக்கிற மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கினேன். ராத்திரி முழுக்க எஞ்சினை ஆறவிட்டேன். இன்று காலை டேங்கை இறக்கி, ஹெட் மேலிருக்கிற இரண்டு டேப்பட் மூடியையும் திறந்து, மேக்னட் ஜன்னலில் 'டி' கோடு நேராக வரும்வரை கிராங்க்கைச் சுற்றி, கம்ப்ரெஷன் மேட்டில், அதாவது இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டிய இடத்தில், நிறுத்தினேன். புகை போகிற வால்வைத் தள்ளித் திறக்கிற கையை, எக்ஸாஸ்ட் ராக்கரை, விரலால் ஆட்டினால் லேசாக 'டிக்' என்றது. கலவை உள்ளே வருகிற பக்கத்து இன்டேக் ராக்கர் அசையவே இல்லை. கேஜிலேயே மெல்லிய தகடு, 0.05 மி.மீ., எண்ணெய் தடவி வைத்தும் நுனி உள்ளே நுழையாமல் மடங்கியது. என் எஞ்சினுக்கு அந்த ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே 0.08 இருக்க வேண்டும். இருந்தது பூஜ்யம். வால்வு முழுசாக உட்காரவே இல்லை. உதைக்கிற ஒவ்வொரு உதைக்கும் கம்ப்ரெஷன் அந்தச் சந்து வழியாகக் கார்புரேட்டருக்கே திரும்பிப் போயிருக்கிறது. அந்த 'டப்' சத்தம் அதுதான்.

மூன்று மாதத்துக்கு முன் சர்வீஸ் விட்ட கடையில் "டேப்பட் சத்தம் கேட்குது, டைட் பண்ணிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திய வண்டி, எஞ்சின் சுட்டுக்கொண்டிருந்தது. கேஜ் இல்லை. காதால் கேட்டு, சத்தம் நிற்கும்வரை ஸ்க்ரூவை இறுக்கியிருக்கிறார்கள். சூட்டில் இருக்கிற இடைவெளி வேறு, ஆறினபிறகு இருப்பது வேறு. அதனால்தான் ஆறின எஞ்சினில் அளக்கச் சொல்கிறார்கள். லேசாக டேப்பட் சத்தம் கேட்கிற எஞ்சின் உயிரோடு இருக்கும். சத்தமே வராமல் இறுக்கின எஞ்சின் வால்வைப் பொசுக்கிக்கொள்ளும்.

லாக் நட்டைத் தளர்த்தி, தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு நழுவுகிற அளவுக்கு வைத்து, நட்டை இறுக்கி, மறுபடி அளந்தேன். இறுக்கும்போது அளவு நகரும், மறுபடி அளக்காமல் மூடக் கூடாது. மூடினேன். இரண்டாவது உதையில் ஸ்டார்ட். ஐடில் கடிகாரம் மாதிரி நின்றது.

பத்து நிமிஷ வேலை! இதற்காக 9,400 ரூபாய், மூன்று மாதம், வீங்கிப்போன குதிகால். போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த சோழவரம் இங்கிருந்து கூப்பிடு தூரம். 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன் ரேஸ் என்றாலே மெட்ராஸுக்கு அதுதான். சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். திருவொற்றியூரில் 1950களிலிருந்து புல்லட் கட்டியிருக்கிறார்கள். சித்தப்பா வண்டியை ரிப்பேர் பார்த்த பெரியவர் கேஜைச் சட்டைப் பையில் பேனா மாதிரி செருகியிருப்பார். அளக்காமல் ஒரு ஸ்க்ரூவைத் தொட மாட்டார். அந்தக் கைகள் இருந்த ஊரில் நாலு கடை ஏறியும் ஒரு ஃபீலர் கேஜைக் கண்ணால் பார்க்கவில்லை.

சரி, வண்டி எழுந்துவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் பொன்னேரிப் பக்கம் போய் வரலாம் என்று மணலி ரோட்டில் திரும்பினேன். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கின்றன. டிரைவர்கள் கீழே இறங்கி டயர் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு சைக்கிள் போக இடமில்லை. முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். எங்கள் பக்கத்து ரோட்டை லாரி நிறுத்துகிற இடமாக யார் எழுதிக் கொடுத்தார்கள்?