653-ல் ஏறாதவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து வந்த சொந்தக்காரர்களைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போயிருந்தேன். இடிந்த சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு தம்பி செல்போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு, "மக்களே, இதுதான் பேய் நகரம், ராத்திரியானா இங்க ரயில் சத்தம் கேட்கும்" என்று உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பத்தடி தள்ளி ஒரு அக்கா தார்ப்பாய் விரித்துச் சிப்பி மாலை விற்றுக்கொண்டிருந்தார். அந்த ஊர்க்காரர்தான். அங்கேதான் குடிசை, அங்கேதான் பிள்ளைகள். "பேய் நகரம்" என்றது காதில் விழுந்ததும் தலையைக் குனிந்து, அடுக்கி வைத்திருந்த மாலைகளையே கலைத்து மறுபடி அடுக்க ஆரம்பித்தார்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் பெரிய துயரங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் தனுஷ்கோடி அதில் இருக்கும். ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிப்பார்கள். 1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு 653-ம் எண் பாசஞ்சர், 11.55-க்குப் புறப்பட்டது. 110 பயணிகள், 5 ஊழியர்கள். தனுஷ்கோடி ஸ்டேஷன் கிட்டத்தில் வந்தபோது கடல் எழும்பி வந்து வண்டியை மொத்தமாகச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. அத்தனையும் உண்மை. அந்த 115 பேருக்காக நாம் எத்தனை முறை அழுதாலும் தகும்.

ஆனால் அந்த ரயில் எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்ததோ, அந்த ஊரில் ஆட்கள் இருந்தார்களே?

என் ஆதங்கம் இதுதான். ரயிலுக்கு நம்பர் இருந்தது, டிக்கெட் இருந்தது, அதனால் கணக்கு வந்தது. ஓலைக் குடிசையில் படுத்திருந்தவனுக்கு டிக்கெட் கிடையாது. புயலில் இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அந்த முழு எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும். தலைகளை எண்ணிப் பார்த்தவர்கள் சொல்லும் எண் மாதிரியா இருக்கிறது?

அந்த ஊர் என்னவாக இருந்தது என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடிதான் இலங்கைக்கு வாசல். சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறினால் நேரே கப்பல் ஜெட்டியில் இறங்கலாம். அங்கிருந்து நீராவிக் கப்பல், சுமார் 30 கிலோமீட்டர் கடல், அந்தப் பக்கம் தலைமன்னார். மறுபடி ரயிலேறினால் கொழும்பு. ஸ்டேஷன், சுங்க ஆபீஸ், தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சர்ச்சு, சத்திரங்கள் எல்லாம் அந்த மணல் திட்டில் இருந்தன. கருவாடு மூட்டை மூட்டையாக ரயிலேறியது. ராமேஸ்வரம் வந்த வடநாட்டு யாத்ரீகர்கள் சேது ஸ்நானத்துக்கு அங்கே வந்து இறங்குவார்கள். பெண்கடலும் ஆண்கடலும் முட்டிக்கொள்கிற முனை அது. வடக்கே குளம் மாதிரி கிடப்பதைப் பெண்கடல் என்போம், தெற்கே சதா இரைந்துகொண்டே இருப்பது ஆண்கடல். அந்த ராத்திரி மட்டும் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது.

அந்தமான் பக்கம் உருவாகி, இலங்கையைக் குறுக்காகக் கடந்து வந்த புயல் அது. அலை இருபது அடிக்கு மேல் எழும்பியது என்கிறார்கள். அன்றைக்கு மேலிருந்து பார்த்துச் சொல்ல இப்போது இருப்பது போல் செயற்கைக்கோள் வசதி இல்லை. தந்திக் கம்பி அறுந்த பிறகு ஊர் செத்ததைச் சொல்லவும் வழியில்லை. ராமேஸ்வரத்தில் ஓடி வந்தவர்களைக் கோயில் மதில் காப்பாற்றியது. தனுஷ்கோடியில் ஓட இடமே இல்லை. இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல், அவ்வளவுதான்.

எங்கள் ஐயா அங்கேதான் இருந்தார். அப்பாவைப் பெற்றவர்.

ஜெட்டியில் மூட்டை தூக்கும் வேலை அவருக்கு. அப்பத்தா பிரசவத்துக்குத் தங்கச்சிமடத்தில் தாய் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பா பிறந்து ஒன்பது நாள். ஐயா ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வண்டிக்கே திரும்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை கப்பல் வேலை இருக்கிறது, போகாவிட்டால் கூலி போய்விடும் என்றாராம். ஆக, அவர் 653-ல் ஏறவில்லை. எந்தக் கணக்கிலும் அவர் இல்லை. உடலும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. "உன் கால் விரல் அப்படியே அவரு விரல்டா" என்று அப்பத்தா என் காலைப் பிடித்துப் பார்ப்பார். எனக்குத் தெரிந்த ஐயா அவ்வளவுதான்.

சாகும்வரை அப்பத்தாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மார்கழி வந்துவிட்டால் போதும், வாடைக்காற்று வீசுகிற ராத்திரிகளில் திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணுவார். தங்கள் தெருவை எண்ணுவார், ஜெட்டிப் பக்கமிருந்து வரிசையாக. "மொத வீடு கருவாட்டுக்காரரு வீடு. ரெண்டாவது போர்ட்டர் வீடு, நாலு புள்ளைங்க, கடைசிப் புள்ளைக்குக் காது குத்தி ஒரு மாசம் ஆகல. மூணாவது நம்ம வீடு." இப்படியே போகும். ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர் சொல்வார், யாரை யாருக்குக் கட்டிக் கொடுத்தது, யார் கப்பலேறிக் கொழும்புக்குப் போய் மிஞ்சியது என்று சொல்வார். சின்ன வயதில் கதை என்று கேட்டோம். அது கதையில்லை, அவர் எடுத்து வைத்திருந்த பதிவேடு என்று புரிந்தபோது அவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்திருந்தது. அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் என்னை விடவில்லை.

இப்போது பாலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் புயலில் பாம்பன் பாலத்தின் 126 கர்டர்கள், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள், கடலுக்குள் போயின. நடுவில் இருந்த தூக்குப்பாலம் மட்டும் அசையாமல் நின்றது. சரிசெய்ய ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம். ஸ்ரீதரன் என்ற 32 வயது இன்ஜினியர், பின்னால் டெல்லி மெட்ரோவைக் கட்டிய அதே ஸ்ரீதரன், 46 நாளில் முடித்தார். கடலுக்கடியில் கிடந்த கர்டர்களையே தேடி எடுத்து மறுபடி ஏற்றினார்கள். இதைப் படிக்கும்போது இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அன்றைக்கு அந்தப் பாலம் இல்லையென்றால் தீவில் எங்களுக்குப் பிழைப்பே இருந்திருக்காது. அதற்காக நாங்கள் என்றைக்கும் கடன்பட்டவர்கள்.

ஆனால் இரும்பை மேலே எடுக்கக் காட்டிய அந்த அக்கறையில் ஒரு பங்கு மனிதர்கள் பக்கம் வந்திருக்க வேண்டாமா? மூழ்கிய கர்டர் எத்தனை என்று சொல்ல முடிகிறது. மூழ்கிய வீடு எத்தனை? ஊரை வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தார்கள். அது சரியான முடிவாகவே இருக்கட்டும். மறுபடி அங்கே நகரம் கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. 2019-ல் புது ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள், தண்டவாளம் வரவில்லை, அதைப் பற்றியும் எனக்கு வருத்தமில்லை. அந்த மணல் கனமான எதையும் தாங்காது என்று எங்கள் மீனவர்களுக்கே தெரியும். நான் கேட்பது பெயர்களை. அந்த ராத்திரி அங்கே இருந்தவர்களின் பெயர்கள், வீடு வீடாக.

ஊர் காலியாகிவிட்டது என்றார்கள், ஆனால் கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைக்காரர்கள் போகவில்லை. இன்றைக்கும் கம்பிப்பாடு பக்கம் போனால் ஓலைக் குடிசைகள் இருக்கின்றன. ஒரு தடவை அங்கே ஒரு பாட்டி ஊத்தில் தண்ணீர் எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கடலிலிருந்து கொஞ்ச தூரம்தான். மணலைக் கையால் தோண்டுகிறார், முழங்கை ஆழம் போனதும் ஈரம் கசிகிறது. கலங்கல் தெளியும்வரை காத்திருந்து, கொட்டாங்கச்சியால் மெதுவாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடுமாம். எனக்கும் ஒரு கொட்டாங்கச்சி கொடுத்தார். நல்ல தண்ணீர், இனிப்பாக இருந்தது. இப்படி ஒரு தண்ணீரை விட்டு அவர்கள் எப்படிப் போவார்கள்? 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்தபிறகு ஆயிரக்கணக்கில் கார்கள் அவர்களைக் கடந்து போகின்றன. பேய் பார்க்க வருகிறார்கள், ஆட்களைப் பார்ப்பதில்லை.

அன்றைக்குப் பத்து வயதில் இருந்தவர்களுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ராமேஸ்வரத்திலும் தலைமன்னாரிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் செய்யலாம், சர்ச்சுகளில் பழைய ஞானஸ்நானப் பதிவுகள் இருந்தால் பார்க்கலாம். அந்தச் செல்போன் தம்பியே செய்யலாம், அவருக்குப் பேசத் தெரிகிறது. கேட்கிற ஆள் வந்தால் இவர்கள் மணிக்கணக்கில் சொல்வார்கள்.

நான் ஆரம்பித்துவிட்டேன். அப்பத்தா சொன்னதில் பதினொரு வீடுகளை அப்பாவும் அத்தையும் நானும் சேர்ந்து எழுதி வைத்திருக்கிறோம். அந்தந்தக் குடும்பத்தாரைக் கேட்காமல் பெயர்களை இங்கே போடுவது முறையில்லை. பன்னிரண்டாவது வீடு மட்டும் கிடைக்கவில்லை. அப்பத்தா சொன்னது இவ்வளவுதான்: தபால் ஆபீஸுக்கு ஒரு வீடு தள்ளி, வாசலில் பூவரச மரம், அந்த வீட்டம்மா தலைமன்னாரில் பிறந்தவர், ரெட்டைப் பெண்பிள்ளைகள், அன்றைக்கு ஆறோ ஏழோ வயது. அந்த அம்மாவின் பெயரோ பிள்ளைகளின் பெயரோ உங்கள் வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருந்தால், தயவுசெய்து எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள்.