எக்ஸிபிஷன் முடிந்ததும் குப்பைக்குப் போகும் அறிவியல்

பள்ளிகளில் எக்ஸிபிஷன் சீசன் வந்துவிட்டால் எங்கள் ஊர் ஸ்டேஷனரி கடை வாசலில் தெர்மாகோல் எரிமலைகளை அடுக்கிவிடுகிறார்கள். பக்கத்தில் சூரியக் குடும்பம், காற்றாலை, மழைநீர் சேகரிப்பு. எந்த வகுப்பு, என்ன பாடம் என்றெல்லாம் கடைக்காரர் கேட்பதில்லை. "நாளைக்கேவா வேணும்?" என்று மட்டும்தான் கேட்கிறார். வாங்குவது அப்பா, ஒட்டுவது அம்மா, மனப்பாடம் செய்து ஒப்பிப்பது பிள்ளை. சாயங்காலம் எல்லாம் பள்ளிக்குப் பின்னால் குவிந்து கிடக்கும்.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு அது வியாபாரம். இரண்டு நாள் அவகாசத்தில் "மாடல் செய்துகொண்டு வா" என்று டைரியில் எழுதி அனுப்பும் பள்ளிகள் மேல்தான் கோபம். ஒரு பொருளைச் செய்யும்போது அது வேலை செய்யாமல் மக்கர் பண்ணும் நேரம் இருக்கிறதே, பிள்ளை கற்றுக்கொள்வதெல்லாம் அங்கேதான். ரெடிமேட் மாடலும் விலை உயர்ந்த கிட்டும் அந்த நேரத்தைத்தான் இல்லாமல் செய்கின்றன.

ஒரு எளிய மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டார்ச் பேட்டரி, இரண்டு ஊக்கு, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் மிஞ்சிய செம்புக் கம்பி. பேட்டரியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஊக்கை ஒட்டி, நடுவில் காந்தத்தை வைத்து, கம்பியை வளையமாகச் சுற்றி, இரண்டு முனைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஊக்குகளின் துளையில் உட்கார வைக்க வேண்டும். சுற்றாது. ஏன்? கம்பியின் மேல் எனாமல் பூச்சு இருக்கிறது, மின்சாரம் போகாது. சரி, பிளேடால் சுரண்டியாச்சு. இப்போது வளையம் லேசாக ஆடும், நடுங்கும், நின்றுவிடும். முக்கால்வாசிப் பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். நம் கை பரபரக்கும், விடையைச் சொல்லிவிடத் தோன்றும். சொல்லக் கூடாது.

சூட்சுமம் இதுதான்: ஒரு முனையைச் சுற்றிலும் முழுசாகச் சுரண்டலாம், இன்னொன்றில் பாதிச் சுற்று மட்டும்தான் சுரண்ட வேண்டும். அரைச்சுற்று வரை மின்சாரம் பாய்ந்து வளையத்தைத் தள்ளும். அடுத்த அரைச்சுற்றில் மின்சாரம் நிற்க வேண்டும், இல்லையென்றால் விசை எதிர்ப்பக்கம் திரும்பி வளையத்தைப் பின்னுக்கு இழுக்கும். மின்சாரம் இல்லாத அந்த நேரத்தை வளையம் தன் வேகத்திலேயே கடந்துவிடும். பாடப்புத்தகத்தில் மோட்டாருக்குள் மின்சாரத்தின் திசையைத் திருப்பிவிடும் திசைமாற்றி என்று ஒரு படம் இருக்குமே, அது எதற்கு இருக்கிறது என்று இந்தக் கம்பியைச் சுரண்டிய பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பார்த்த ஒரு கிட்டில் முனைகளை அளவாகச் சுரண்டியே கொடுத்திருந்தார்கள். மாட்டினால் உடனே சுற்றியது. பிள்ளை கை தட்டினான், மூடி வைத்தான், அவ்வளவுதான்.

பணம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் ஒரு நம்பிக்கை. பிள்ளைகள் தாங்களே பொருள் செய்து பார்க்கப் பள்ளியிலேயே கூடம் அமைக்கும், 2016-ல் தொடங்கிய மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்ச ரூபாய் வரை கிடைக்கிறது. நல்ல திட்டம்தான், வாங்கி நன்றாகப் பயன்படுத்தும் பள்ளிகளும் உண்டு. ஆனால் நான் போன ஒரு பள்ளியில் முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற பயம். ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறிய பொருளைப் பிள்ளைகள் கையில் கொடுக்க நம் ஊரில் பெரிய மனசு வேண்டும். செம்புக் கம்பி அறுந்தால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாததும் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு சோதனை தொடங்கியது. பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து, தாங்களே செய்து பார்த்து, பார்த்ததை எழுத வேண்டும். பரீட்சையிலும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. ஐஐடி கான்பூரில் படித்த அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து முக்கோணம், கனசதுரம் என்று செய்ய ஆரம்பித்தது அங்கே போனபோதுதான். அந்தத் திட்டம் 30 வருடம் நடந்தது. 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. அரவிந்த் குப்தாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மனிதரைப் பாராட்டுவதில் நமக்குக் கஞ்சத்தனமே கிடையாது.

தமிழ்நாட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் 1980-களிலிருந்து சிறுவர்களுக்கான துளிர் அறிவியல் இதழ், துளிர் இல்லம் என்று சலிக்காமல் செய்துகொண்டிருக்கிறார்கள். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளிடம் சோதனைகளைக் கொண்டுபோகிறது. மனசாரப் பாராட்டுகிறேன். ஒரே ஒரு மனக்குறை: வருகிறவர் செய்து காட்டிவிட்டுப் போவதோடு முடிந்தால் அது மேஜிக் ஷோ. பொருளை வகுப்பிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும், கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று சொல்லி.

அப்புறம் ஓவியம். கணக்கு போர்ஷன் முடியவில்லை என்றால் முதலில் பலியாவது டிராயிங் பீரியட்தான். அரசுப் பள்ளிகளில் 2012-ல் ஓவியம், தையல், உடற்கல்வி, கணினிக்கெல்லாம் நியமித்த பகுதிநேர ஆசிரியர்களுக்கு வாரத்தில் மூன்று அரைநாள்தான் வேலை என்று வைத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருடக்கணக்காகப் போராடியதை செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஓவியத்தை நாம் எந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்ல.

ஆனால் வரையாமல் அறிவியல் எப்படி வரும்? ஒரு செம்பருத்தியை மனசிலிருந்து வரையச் சொல்லுங்கள், ஐந்து இதழும் நடுவில் ஒரு குச்சியும் வரும். பூவைக் கையில் கொடுத்து வரையச் சொல்லுங்கள். மகரந்தத் தாள்கள் ஒரு குழாயாக ஒட்டியிருப்பதும், அதன் உள்ளிருந்து வரும் தண்டு நுனியில் ஐந்தாகப் பிரிவதும் அப்போதுதான் கண்ணில் படும். வரைந்து முடித்ததும் அதே இதழைக் காகிதத்தில் தேய்த்து, ஒரு பக்கம் எலுமிச்சைச் சாறு, இன்னொரு பக்கம் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் ஒன்று சிவக்கும், இன்னொன்று பச்சையாகும். இது ஓவிய வகுப்பா வேதியியல் வகுப்பா என்று பிள்ளைகள் யாரும் கேட்பதில்லை, டைம்டேபிள் போடுகிறவர்கள்தான் கேட்கிறார்கள்.

கோலமும் அப்படித்தான். சென்னையில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1970-களிலேயே புள்ளிக் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக, அதாவது கோலத்தைப் படிப்படியாக வரையவைக்கும் விதிகளாக எழுதிக் காட்டினார்கள். நம் வாசலில் இருக்கும் விஷயம். கோடிங் கிளாஸுக்கு ஆயிரக்கணக்கில் கட்டும் பெற்றோர், முதலில் பிள்ளையிடம் ஒரு சிக்குக் கோலத்தைப் போடச் சொல்லி, போட்ட விதியைப் படிப்படியாக எழுதச் சொல்லலாம். பையன்களிடமும்தான். கோலம் பெண் பிள்ளைகள் சமாச்சாரம் என்று இன்னும் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்போம்?

"மார்க்குக்கு உதவுமா?" என்று கேட்பார்கள். சில பிள்ளைகளுக்கு உதவும், சிலருக்கு உதவாது. எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை.

தலைமையாசிரியர்களிடம் ஒரே வேண்டுகோள். அடுத்த எக்ஸிபிஷனில் கடையில் வாங்கிய மாடலுக்கு அனுமதி இல்லை என்று ஒரு மாதம் முன்பே சுற்றறிக்கை விடுங்கள். வேலை செய்யாத மாடல்களுக்கு ஹாலின் நடுவில் ஒரு மேஜை போடுங்கள். அதன் பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம், நடுவர் ஒப்பித்ததைக் கேட்காமல், "எங்கே மாட்டிக்கிட்ட, என்னவெல்லாம் செஞ்சு பார்த்த?" என்று கேட்கட்டும். அந்தப் பதிலுக்கு மார்க் போடட்டும்.