தாங்குசுவர் செலவில் ஆளுக்குப் பாதியா?

பக்கத்து மனையில் மண்ணடித்து உயர்த்திவிட்டு, "நடுச்சுவர் ரெண்டு பேருக்கும்தானே சார், ஆளுக்குப் பாதி போட்டுக்கலாம்" என்று வந்து நிற்பார்கள். சென்னைப் புறநகரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் 2015 வெள்ளத்துக்குப் பிறகு பலரும் மூன்று அடி, நான்கு அடி தூக்கித்தான் கட்டுகிறார்கள். ரோடும் ஒவ்வொரு முறை போடும்போது ஏறிக்கொண்டே போகிறது, தூக்காமல் என்ன செய்வது? ஆனால் அந்தப் 'பாதி' கணக்கு தப்பு.

மேட்டு மனையின் தரைக்கு மேலே தெரிகிற ஐந்தடி, காம்பவுண்ட் சுவர். அதை ஆளுக்குப் பாதி போடலாம். தரைக்குக் கீழே மண்ணைப் பிடித்து நிற்பது தாங்குசுவர். அதில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, மட்டத்தை மாற்றியது யார் என்பதுதான். அடுத்தடுத்த நிலங்களின் உரிமைகளைச் சொல்கிற 1882 ஈஸ்மெண்ட் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பக்கத்து மண் தரும் தாங்கலை உரிமையாகச் சொல்வது இயற்கை நிலையில் இருக்கும் நிலத்துக்குத்தான். லாரியில் வந்து இறங்கிய கிராவலுக்கு அல்ல.

ஒரு கணக்கு போடுவோம். எல்லை 40 அடி நீளம். இயற்கையாகவே 2 அடி மேடு பள்ளம் உண்டு. மேட்டுக்காரர் இன்னும் 2 அடி மண் நிரப்புகிறார், மொத்தம் 4 அடி. கருங்கல் கட்டு, மேல் அகலம் ஒன்றரை அடி, அடிப்பக்க அகலம் உயரத்தில் 0.6 பங்கு, ஆனால் ஒன்றரை அடிக்குக் குறையாமல் என்று வைத்துக்கொண்டால், 2 அடிச் சுவருக்கு ஓடும் அடிக்கு 3 கன அடி, மொத்தம் 120. 4 அடிச் சுவருக்கு ஓடும் அடிக்கு 7.8, மொத்தம் 312. கூடுதல் 192 கன அடியும் மண் நிரப்பியவர் பொறுப்பு. மிச்சம் 120 இயற்கை மேட்டுக்கானது, அந்த மட்டத்தை யாரும் மாற்றவில்லை, அதனால் ஆளுக்கு 60. ஆக, பள்ளத்து மனைக்காரர் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. அஸ்திவாரம் இதில் சேரவில்லை, அதையும் இதே மாதிரி பிரிக்கலாம். மேஸ்திரியிடம் இரண்டு எஸ்டிமேட் கேளுங்கள்: பழைய மட்டத்துக்கு ஒன்று, புது மட்டத்துக்கு ஒன்று. சண்டை பாதி குறையும்.

பழைய மட்டம் எது என்பதில்தான் மல்லுக்கட்டு. முதல் லோடு இறங்கும் முன்பே இரண்டு பேரும் நின்று, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து, நகராத ஏதாவது ஒன்றில், கிணற்றுச் சுவரோ பழைய வீட்டுப் படியோ, பெயிண்டில் கோடு போட்டு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். மண் நிரப்பியாகிவிட்டதா? ஒரு குழி வெட்டிப் பாருங்கள். செங்கல் துண்டும் பிளாஸ்டிக் கவரும் வருகிறவரை நிரப்பிய மண்.

பழைய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்மேலேயே மண்ணைச் சாய்ப்பவர்களைப் பார்த்தால்தான் கோபம் வருகிறது. உயரம் இரண்டு மடங்கானால் மண் தள்ளுவது நான்கு மடங்கு, சுவரைக் கவிழ்க்கும் திருகல் எட்டு மடங்கு. மழை ஊறித் தண்ணீர் தேங்கினால், அந்தத் தள்ளல் இன்னும் இரண்டு மடங்குக்கு மேல். ஐப்பசியில் சுவர் வயிறு தள்ளும், அடி வரிசைக்குப் பக்கத்தில் படுக்கைவாட்டில் விரிசல் ஓடும். அதைப் பூசி மறைப்பது ரொம்ப ஆபத்து. 2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் மதில் சரிந்து 17 பேர் இறந்தார்கள்.

அதனால் தண்ணீருக்கு வழி கட்டாயம். சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி, மண் புகாமல் இருக்க ஜியோ துணி. வழக்கமாக ஐந்தடிக்கு ஒரு வீப் ஹோல், அதாவது தண்ணீர் வெளியேறச் சுவரில் ஒரு துளை, வைப்பார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டு வாசலில்தான் விழும். அடியில் 4 அங்குலத் துளைக்குழாய் படுக்கப் போட்டு, வாட்டம் கொடுத்துத் தெரு வடிகாலுக்குக் கொண்டுபோவது மேல். இந்தச் செலவு முழுக்க மேட்டுக்காரருடையது. மொட்டைமாடித் தண்ணீரை இந்தக் குழாயில் விடக்கூடாது.

சுவர் முழுக்க மேட்டு மனைக்குள் நிற்கட்டும், நேர் முகம் மட்டும் எல்லைக் கோட்டில். "ஒன்றரை அடி இடம் போகுதே" என்பார்கள். உயர்த்தியதற்கான விலை அது. அஸ்திவாரத்தின் நுனிகூடப் பக்கத்து மண்ணுக்குள் போகக் கூடாது, அதனால் சர்வேயர் அளந்து கல் நட்ட பிறகுதான் கடப்பாரை.

பள்ளத்துக்காரருக்கும் பொறுப்பு உண்டு. நான்கடிச் சுவரிலிருந்து நான்கடிக்குள் சம்ப்போ செப்டிக் டேங்கோ தோண்டினால் சுவரின் கால் ஆடும். முட்டுக் கொடுக்கும் செலவும், அப்படியும் சரிந்தால் திரும்பக் கட்டும் செலவும் முழுக்க அவருடையது. செலவுப் பங்கோடு இதையும் ஒரே தாளில் எழுதி, மட்டக் கோட்டின் போட்டோவையும் சேர்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.