பீட்டா 0.001 எங்கிருந்து வந்தது?

ஒரு விசிறிச் சட்டகத்தின் அதிர்வைக் கணினியில் கணக்கிட்டு, சரிபார்க்க என்னிடம் அனுப்பிய நாற்பது பக்க அறிக்கையில் டேம்பிங்கைப் பற்றி, அதாவது அதிர்வின் ஆற்றலை விழுங்கி ஆட்டத்தை அடக்கும் தன்மையைப் பற்றி, இருந்தது ஒரே ஒரு வரி: "பீட்டா = 0.001." மெஷ் (கணக்குக்காகச் சட்டகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்த வலை) எவ்வளவு நுணுக்கமானது என்று காட்ட ஆறு பக்கங்களுக்கு வண்ணப் படங்கள் போட்டிருக்கிறார்கள், ஒத்ததிர்வில் சட்டகம் எவ்வளவு ஆடும் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணுக்குக் காரணம் சொல்ல அரை வரி கூட இல்லை.

வெல்டிங் செய்த எஃகுச் சட்டகம், அதன்மேல் ஒரு விசிறி, 1480 ஆர்.பி.எம். மோட்டார். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 24.7 சுற்று. சட்டகத்தின் இயல்பு அதிர்வெண்ணோ 24.6 ஹெர்ட்ஸ், இரண்டும் ஒட்டி நிற்கின்றன. நிறையோடு சேர்ந்த ஆல்ஃபா, விறைப்போடு சேர்ந்த பீட்டா என்ற இரு கெழுக்களால் டேம்பிங்கைச் சொல்வது ரேலி முறை. அதில் ஆல்ஃபாவைச் சுழியமாக விட்டுவிட்டால், பீட்டாவைக் கோண அதிர்வெண்ணால் (அதிர்வெண்ணின் 2π மடங்கு) பெருக்கி இரண்டால் வகுத்ததுதான் டேம்பிங் விகிதம். கால்குலேட்டரில் பத்து நொடி வேலை, வந்த விடை 7.7 விழுக்காடு! இத்தகைய சட்டகத்துக்கு 1 விழுக்காடு, மிஞ்சிப்போனால் 2 கொடுக்கலாம். 1 விழுக்காட்டில், அதே விசை அசையாமல் நின்று தள்ளினால் வரும் இடப்பெயர்ச்சியைப் போல் 50 மடங்கு ஆட வேண்டிய சட்டகம், இவர்கள் கணக்கில் ஆறரை மடங்கோடு அடங்கிவிட்டது. 0.2 மி.மீ. என்று எழுதித் தேறியதாகக் காட்டியிருப்பது ஒன்றரை மி.மீ. ஆடக்கூடியது. பக்கத்தில் ஆள் நின்று வேலை செய்யும் இடம் அது.

அறிக்கை எழுதிய இளம் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். "தம்பி, இந்த 0.001 எங்கிருந்து வந்தது?"

"போன ப்ராஜெக்ட்ல இருந்தது, சார்."

"அதில் எங்கிருந்து வந்தது?"

"அதுக்கு முந்தின ப்ராஜெக்ட்ல, சார்."

அதற்கு முந்தையதைச் செய்தவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். எந்த இயந்திரத்துக்கு, எந்த அதிர்வெண்ணில், என்ன விகிதம் வேண்டுமென்று அவர் அந்த எண்ணைப் போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. விறைப்போடு சேர்ந்த டேம்பிங் அதிர்வெண் ஏற ஏற ஏறிக்கொண்டே போகும். 5 ஹெர்ட்ஸில் 1.6 விழுக்காடு தரும் அதே பீட்டா 100 ஹெர்ட்ஸில் 31 விழுக்காடு தரும். இதை விளக்கி முடித்ததும், "கோட்லயே 5 விழுக்காடு இருக்கே, சார்" என்று பதில் வந்தது. அவர் சொன்ன கோட், நிலநடுக்கத்துக்கான இந்திய விதிமுறை ஐ.எஸ். 1893. அது சொல்லும் 5 விழுக்காடு நிலநடுக்கத்தில் குலுங்கும் கட்டடத்துக்கு உரியது. சுவரும் காங்கிரீட்டும் விரிசல் விட்டு ஆற்றலை விழுங்கும் கணக்கை, மில்லிமீட்டரின் பின்னங்களில் அதிரும் எஃகுச் சட்டகத்தின் தலையில் எப்படிக் கட்ட முடியும்?

மென்பொருள்கள் தரும் தொல்லை வேறு. ஒன்று டேம்பிங் விகிதத்தைக் கேட்கும். இன்னொன்று அதன் இரு மடங்கான கட்டமைப்பு டேம்பிங் கெழுவைக் கேட்கும். 2 விழுக்காட்டுக்கு ஒன்றில் 0.02, மற்றதில் 0.04, மாற்றிப் போட்டால் எந்த எச்சரிக்கையும் வராது. விசிறி வேலைத்தளத்திலேயே பொருத்தப்பட்டிருக்கிறது, சட்டகத்தைச் சுத்தியலால் தட்டி அதிர்வை அளக்கும் சோதனை செய்து உண்மை டேம்பிங்கை அளந்துவிடலாம், ஒரு நாள் போதும் என்று கெஞ்சினேன். நேரமில்லையாம்.

இன்று காலை திருத்திய அறிக்கை வந்தது. பீட்டா = 0.0001. மீண்டும் அழைத்து, ஏன் என்று கேட்டேன்.

"பெருசா இருக்குன்னு சொன்னீங்களே, சார். ஒரு சைபர் சேர்த்துட்டேன்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 0.77 விழுக்காடு. எண்ணைத் தவறென்று திருப்பி அனுப்பவும் முடியவில்லை, அறிக்கையில் கையெழுத்துப் போடவும் மனம் வரவில்லை.