கை கால் இழந்தவர்களுக்கு அமெரிக்கப் பணமா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுது. போரில் கை கால் இழந்த எல்லாருக்கும் அமெரிக்காவின் 'வூண்டட் வாரியர் புரொஜெக்ட்' பெரிய கம்பனிகளோடு சேர்ந்து பணம் தருகுதாம், லிங்கில் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் போட்டால் போதுமாம்.

பொய்.

அந்த அமைப்பு உண்மையானதுதான், 2003இல் தொடங்கியது. ஆனால் அது 2001 செப்டெம்பர் 11 அன்றோ அதற்குப் பிறகோ அமெரிக்கப் படையில் சேவை செய்து காயப்பட்டவர்களுக்கும் நோயுற்றவர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் மட்டும்தான். அவர்களுடைய இணையத்தளத்திலேயே இது இருக்கு, போய்ப் பாருங்கோ. கம்பனிகள் உதவுவதும் உண்மை. விற்பனையில் ஒரு பங்கையோ நன்கொடையையோ அமைப்பிடம் கொடுப்பார்கள், அமைப்பு அதில் சேவைகளை நடத்தும். லிங்க் அமத்தின ஆளின் கணக்குக்கு எந்தக் கம்பனியும் காசு போடாது.

காலுக்காக வருசக்கணக்கா அலைகிற சனத்திடம் இப்படி ஆசை காட்டுவதுதான் எரிச்சல்.

செயற்கைக் கால் தேவையென்றால் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தைக் கேளுங்கோ, கொடுப்பனவு விசயம் என்றால் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரை. ஏற்கெனவே விபரம் கொடுத்திட்டீங்களா? உடனே வங்கிக்குச் சொல்லுங்கோ, ஓடிபி கேட்டால் கொடுக்காதேங்கோ.

தயவுசெய்து இனி இதை ஒருத்தருக்கும் அனுப்பாதேங்கோ, அனுப்பின குழுவில் இந்த விளக்கத்தைப் போட்டுவிடுங்கோ.