பின் பெட்டியோட நிப்பாட்டுங்கோ

சண்டைக்கு வருவீங்கள் எண்டு தெரிஞ்சுதான் எழுதுறன். சனி ஞாயிறு பின்னேரத்தில திருகோணமலை நிலாவெளி வீதியில நிண்டு பாருங்கோ, சைலன்சர் மாத்தின கார்கள் எங்கட ஊரில எவ்வளவு கூடிட்டுது எண்டு காதே சொல்லும். கொழும்பில இருந்து வாற டொயோட்டா 86 ஒரு பக்கம், எங்கட பொடியன்மாரின்ர டர்போ சிவிக், சுவிஃப்ட் ஸ்போர்ட் இன்னொரு பக்கம். நல்ல சத்தம் எனக்கும் பிடிக்கும். (ஆஸ்பத்திரிக்கு முன்னால நிண்டு முறுக்கிற ஆக்களோட வேற கணக்கு இருக்கு.) குழாயை எந்த இடத்தில வெட்டுறியள் எண்டதுதான் என்ர கேள்வி.

புகைக்குழாயின்ர பின்பக்கத்தில இருக்கிற கடைசி சைலன்சர் பெட்டியை மட்டும் மாத்தினால் எஞ்சினுக்குப் பெரிசா ஒண்டும் வராது. ரப்பர் தொங்கல்கள் சரியா இருக்கவேணும், சூடான குழாய் பம்பரில முட்டக்கூடாது, அவ்வளவுதான். நடுப்பெட்டியையும் எடுத்தால் எஞ்சின் நிமிசத்துக்கு 2000, 2500 தரம் சுத்தேக்க காருக்குள்ள ஒரு ரீங்காரம் பிடிக்கும். ஹபரணை மட்டும் அதைக் கேட்டுக்கொண்டு போய்ப் பாருங்கோ, திரும்பி வரேக்க பழைய பெட்டியைத் தேடுவீங்கள்.

வில்லங்கம் முன்பக்கத்திலதான். டர்போ எண்டது புகையின்ர விசையால சுத்தி எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கிற சாமான். இப்பத்தைய டர்போ கார்களில அதுக்கு அடுத்ததா இருக்கிறது கன்வேட்டர், நச்சுப்புகையைச் சுத்தமாக்கிற பெட்டி. உள்ளுக்குத் தேன்கூடு மாதிரி பீங்கான், அதில பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசியிருக்கும். அதைக் கழட்டினால் டர்போவுக்குப் பின்னால அழுத்தம் குறையும், டர்போவுக்குள்ள இருக்கிற சக்கரம் இன்னும் வேகமாச் சுத்தும். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் மிச்சப் புகையைத் திருப்பிவிடுற வேஸ்ட்கேட் எண்ட கதவு அந்தக் கார் வந்த அளவுக்குச் செய்தது. அது சமாளிக்காட்டி பூஸ்ட், அதாவது டர்போ அமுக்கிற காத்தின்ர அழுத்தம், எல்லை தாண்டும், காரின்ர கொம்பியூட்டர் பெற்றோலை வெட்டும், ஓவர்டேக் பண்ணுற நேரம் பார்த்து கார் குலுங்கும். அதுக்கு மருந்தாக எங்கேயோ இருந்து வந்த ஒரு ரியூனை, அதாவது கொம்பியூட்டருக்கான புது செட்டிங்கை, ஏத்திப்போட்டு, 92 ஒக்டேன் பெற்றோலை அடிச்சு ஓடினால் நொக்கிங், பெற்றோல் சிலிண்டருக்குள்ள தாறுமாறா வெடிக்கும். பிஸ்டன் உடையிறது இப்பிடித்தான்.

கன்வேட்டரைக் கழட்டாமல் விட்டால் தப்பிட்டம் எண்டு நினைக்கவேண்டாம். குழாய்கள் பொருந்துற பிளாஞ்சைப் பிரிச்சுப் பூட்டேக்க, இடைவெளியை அடைக்கிற பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போடுற பழக்கம் இஞ்ச இருக்கு. அந்த இடத்தால புகை கசிஞ்சு, விடிய ஸ்டார்ட் பண்ணேக்க டிக் டிக் எண்டு ஒரு சத்தம் வரும். சூடேறி இரும்பு விரிஞ்சதும் நிண்டுபோகும், அதால ஒருத்தரும் கணக்கெடுக்கிறேல்லை. டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, குழாய் பூட்டின இடத்துக்குப் பக்கத்தில கரி ஒரு கோடாய்ப் படிஞ்சிருக்கும். புகை ஒரே ஓட்டமாய் வாறேல்லை, துடிச்சுத் துடிச்சுத்தான் வரும். ரெண்டு துடிப்புக்கு இடையில அந்த இடைவெளியால வெளிக்காத்து உள்ளுக்கு இழுபடும். புகையில எவ்வளவு ஒட்சிசன் எண்டு பார்க்கிற ஒட்சிசன் சென்சருக்கு முன்னால இது நடந்தால், பெற்றோல் காணாது எண்டு சென்சர் பொய் சொல்லும். கொம்பியூட்டர் நம்பி இன்னும் ஊத்தும். எரியாத மிச்சம் கன்வேட்டருக்குள்ள போய் எரிஞ்சு, பீங்கான் உருகி அடைக்கும். கார் நல்லா மூச்சு விடட்டும் எண்டு தொடங்கின வேலை, மூச்சடைக்கிறதில முடியும்.

பட் பட் எண்டு வெடிக்க வைக்கிற ரியூனும் இதே பாதைதான். கால் எடுத்த பிறகும் பெற்றோல் விட்டு, தீப்பொறியைப் பிந்தவைச்சு, சிலிண்டருக்குள்ள எரியவேண்டியதைக் குழாய்க்குள்ள எரிக்கினம். எஞ்சின் வோல்வுகளும் டர்போவும் கன்வேட்டரும் அந்த அடியைத் தாங்கவேணும். வீடியோவுக்கு நல்லம்.

எங்கட ஊருக்கெண்டே இன்னொண்டு, கடல். ஒரு லீற்றர் பெற்றோல் எரிஞ்சால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணி வரும். உப்புவெளியில இருந்து மார்க்கெட்டுக்குப் போய்வாற ஓட்டத்தில குழாய் சூடாகி அது ஆவியாகாது, பெட்டிக்குள்ளேயே தங்கும். கொம்பனிப் பெட்டிகளில அது ஒழுக ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பினம், இஞ்ச வெல்டிங் பிடிக்கிற பெட்டியில அதைக் காணேல்லை. உள்ளால தண்ணி, வெளியால உப்புக்காத்து. சாதாரண இரும்பெண்டால் வெல்டிங் பிடிச்ச இடத்தாலதான் முதல் துருப்பிடிக்கும். "ஸ்டெயின்லெஸ் தம்பி" எண்டு சொன்னால் ஒரு காந்தத்தை வைச்சுப் பாருங்கோ. 304 எண்ட ஸ்டெயின்லெஸ் வகை எண்டால் பெரிசா ஒட்டாது.

"பழைய காரில கன்வேட்டர் இல்லாமல் வருசக்கணக்கா ஓடினனே" எண்டு கேக்கிற அண்ணாமாருக்கு: உங்கட அந்த எஞ்சினில டர்போவும் இல்லை, ஒவ்வொரு நொடியும் கணக்குப் பார்க்கிற சென்சர்களும் இல்லை. 2020 மார்ச்சில நிப்பாட்டின கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தது, இப்ப வரியைப் பார்த்தால் தலை சுத்துது. கையில இருக்கிற எஞ்சினை வைச்சுப் பரிசோதனை செய்யிற காலமில்லை இது.

செய்யத்தான் போறியள் எண்டால், வெல்டிங் தொடங்க முதல் பற்றரி வயரைக் கழட்டச் சொல்லுங்கோ. கன்வேட்டரைக் கழட்டினால் நல்லம் எண்டு கராஜில யாரும் வற்புறுத்தினால், கழட்டினதை உங்கட கையில தரச்சொல்லிக் கேளுங்கோ. அதுக்குள்ள இருக்கிற உலோகத்துக்கு நல்ல விலை. "அது ஏன் தம்பி உங்களுக்கு" எண்டு பதில் வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு வெளிக்கிடுங்கோ.