காசு இருந்தும் ஓசிக் காப்பி

கையில் 400 ஸ்வீடன் குரோனா ரொக்கத்தை வைத்துக்கொண்டு, 10 குரோனா கழிப்பறைக் கதவைத் திறக்க முடியாமல் நின்ற அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு. அவசரம் எனக்கில்லை, அம்மாவுக்கு. 68 வயது, சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, வெளியூர் என்றாலே முதலில் 'பாத்ரூம் எங்கே' என்று பார்த்து வைத்துக்கொள்கிற மனுஷி. கதவு பளபளவென்று இருக்கிறது. சில்லறை போட ஓட்டை இல்லை, தாள் நுழைக்க இடம் இல்லை, கார்டைக் காட்டுவதற்கு ஒரு கறுப்புச் சதுரம் மட்டும். என் கார்டோ செத்துக் கிடக்கிறது. 'ஏண்டி, பணம்தான் இருக்கே, யார்ட்டயாவது குடேன்' என்கிறார் அம்மா. யாரிடம் கொடுப்பது? அங்கே ஆளே கிடையாது!

முதலிலிருந்து சொல்கிறேன். ஆபீஸ் வேலையாக ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் போக வேண்டியிருந்தது, ஜூன் மாதம். சரி, இவ்வளவு தூரம் போகிறோமே என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு, வேலை முடிந்ததும் நான்கு நாள் லீவு போட்டு, சோடெர்மால்மில் ஸ்கான்ஸ்தூல் மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். நகரத்தின் தெற்குத் தீவு அது. ஒரு காலத்தில் தொழிலாளர் குடியிருப்பு, இன்றைக்குத் தாடி வளர்த்த இளைஞர்களும் குழந்தை வண்டி தள்ளும் அப்பாக்களும் பழைய துணிக்கடைகளுமாக இருக்கிற பேட்டை. ஊரைக் குறை சொல்லவில்லை. மொந்தேலியுஸ்வேகன் என்று மலை விளிம்பில் ஒரு நடைபாதை இருக்கிறது, கீழே தண்ணீர், எதிரே நகர மண்டபக் கோபுரத்தின் உச்சியில் மூன்று தங்கக் கிரீடங்கள். இரவு ஒன்பதரைக்கு வெயிலடிக்கிறது. அம்மா அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, 'இவ்வளவு வெளிச்சமா இருக்கே, இவங்கள்லாம் எப்போ தூங்குவாங்க' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கே உட்காரக் காசு கேட்கவில்லை. அந்த நான்கு நாளில் எங்களுக்கு நிம்மதியாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

இரண்டாம் நாள் காலை, வெளிநாட்டுச் செலவுக்கென்று வாங்கிய என் ஃபாரெக்ஸ் கார்டு முடங்கியது. 'சந்தேகத்துக்கிடமான பரிவர்த்தனை'யாம். என்னய்யா சந்தேகம்? முந்தின நாள் இரண்டு வாழைப்பழமும் ஒரு தயிர் டப்பாவும் வாங்கியிருந்தேன். தடையை நீக்க ஓடிபி வர வேண்டும், ஓடிபி சென்னை நம்பருக்குத்தான் வரும், அந்த நம்பரில் ரோமிங் போடவில்லை (என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்). கஸ்டமர் கேர் நம்பரில் 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று ஒரு குரல் இருபத்தைந்து நிமிஷம் கொஞ்சியது. கார்டு உயிர் பெற ஒன்றரை நாள் ஆனது. இன்னொரு கார்டு? அது பத்திரமாக வீட்டுப் பீரோவில் இருந்தது.

பரவாயில்லை, ரொக்கம் இருக்கிறதே என்றுதான் தைரியமாக இருந்தேன். சித்தப்பா மகன் 2014 முதல் 2017 தொடக்கம் வரை அங்கே வேலை பார்த்தவன். நான் கிளம்பும்போது, மிச்சம் வைத்திருந்த ஏழு 100 குரோனாத் தாள்களை ஒரு கவரில் போட்டு, 'அக்கா, ஆத்திர அவசரத்துக்கு வச்சுக்கோ' என்று கொடுத்தான். இன்றைய கணக்கில் எழுநூறு குரோனா அந்த ஊரில் பெரிய தொகை இல்லை, ஆனால் இரண்டு பேருக்கு இரண்டு வேளை சாப்பாட்டுக்கு வரும் என்று நினைத்தேன்.

ஏழில் மூன்று தாளில் தாவரவியலாளர் லின்னேயஸ் படம். அவை 2017 ஜூன் 30-ஓடு செல்லாமல் போய்விட்டன. மத்திய வங்கியிடம் விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி மாற்றலாமாம். சுற்றுலா வந்தவள் அதற்கு அலைவேனா? மீதி நான்கு 2016-இல் வந்த புதுத் தாள், நடிகை கிரெட்டா கார்போவின் படம் போட்டது. சட்டப்படி செல்லும். ஆனால் எங்கே செல்லும்?

யோட்கத்தான் கடைத்தெரு முழுக்க நடந்தோம். கண்ணாடிக் கதவுகளில் சின்னதாக, மரியாதையாக, ஒரே வாசகம்: 'வி தார் எய் கொன்டான்டர்'. ரொக்கம் வாங்குவதில்லை. காப்பிக் கடையில், ரொட்டிக் கடையில், ஐஸ்கிரீம் வண்டியில்கூட! பஸ்ஸில் டிரைவரிடம் காசு கொடுத்து டிக்கெட் வாங்குவது எப்போதோ நின்றுபோன பழக்கம். வார இறுதியில் தெருவோரச் சந்தையில் ஒரு பாட்டி பழைய பீங்கான் கோப்பைகளைப் பரப்பி வைத்திருந்தார், அம்மாவை விட வயதில் மூத்தவர், அவர் காசு வாங்குவார் என்று ஆசையாகப் போனோம். கழுத்தில் மாட்டியிருந்த அட்டையைக் காட்டினார். ஸ்விஷ் நம்பர். ஸ்விஷ் என்பது அந்த ஊர் ஜிபே மாதிரி, 2012-இல் வங்கிகள் சேர்ந்து ஆரம்பித்தது. அதைப் போட்டுக்கொள்ள ஸ்வீடன் வங்கியில் கணக்கு வேண்டும், கணக்கோடு பேங்க் ஐடி என்கிற மின்னணு அடையாளம் வேண்டும், பேங்க் ஐடிக்கு அந்த நாட்டு அடையாள எண் வேண்டும். நான்கு நாள் வந்து போகிறவளுக்கு இதெல்லாம் எந்த ஜென்மத்தில் கிடைக்கும்?

இதில் என்னை உச்சகட்டமாக எரிச்சல்படுத்திய விஷயம் ஒன்று. அந்த கிரெட்டா கார்போ பிறந்தது ஸ்டாக்ஹோமில், 1905-இல். வளர்ந்தது இதே சோடெர்மால்மில், பிளெக்கிங்கெகத்தான் என்ற தெருவில். எங்கள் அறையிலிருந்து பொடிநடை. அவர் பெயரில் இங்கே ஒரு சதுக்கமே இருக்கிறது. சொந்தப் பேட்டைக்காரியின் முகத்தை நோட்டில் அடித்து வைத்துவிட்டு, அந்த நோட்டை நீட்டினால் அதே பேட்டையில் வேண்டாம் என்று தலையாட்டுகிறார்கள். கேட்டால், 'கடைக்காரர் முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டிவிட்டால் போதும், சட்டம் இடம் கொடுக்கிறது' என்று நிதானமாக விளக்கம் வேறு. அப்புறம் எதற்கய்யா அச்சடிக்கிறீர்கள், ஆல்பத்தில் ஒட்டவா?

சரி, கழிப்பறைக்கு வருகிறேன். மூன்றாம் நாள், மெட்போர்யார்பிளாட்சென் பக்கம். அம்மா முகம் வெளிறிவிட்டது. இரண்டு கடை தள்ளி ஒரு காப்பிக் கடை, உள்ளே ஓடினேன். கல்லாவில் இருபது இருபத்திரண்டு வயசுப் பெண், மூக்கில் வளையம். விஷயத்தைச் சொன்னதும் ஒரு கேள்வி கேட்கவில்லை, அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து விட்டாள். அவள் நன்றாக இருக்கட்டும். ஆனால் பிரச்சினை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. அம்மா வெளியே வந்ததும், 'சும்மா போயிட்டு சும்மா வந்தா நல்லாவா இருக்கும், ஏதாவது வாங்கு' என்றார். நியாயம்தானே. இரண்டு காப்பி சொல்லி நூறு குரோனாத் தாளை நீட்டினேன். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அறிவிப்பைப் பார்த்தாள். கல்லாவில் பணப் பெட்டியே கிடையாதாம். வாங்கினால் எங்கே வைப்பது, எந்தக் கணக்கில் எழுதுவது என்று அவளுக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'பரவாயில்லை, சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்' என்று இரண்டு கப் காப்பியும் லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி ஒன்றும் தட்டில் வைத்து நீட்டினாள்.

எனக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. கையில் காசு இருக்கிறது. கொடுக்க மனசு இருக்கிறது. ஆனாலும் ஓசிக் காப்பி! அம்மா வாழ்நாளில் யாரிடமும் ஒரு கரண்டி சர்க்கரை கடன் வாங்கினால்கூட மறுநாள் குவியலாகத் திருப்பிக் கொடுக்கிறவர். அந்த ரொட்டியைப் பாதி சாப்பிட்டார் (சர்க்கரை நோயாளி, நான் எதுவும் சொல்லவில்லை, சொல்கிற நிலையில் இல்லை), கிளம்பும்போது எனக்குத் தெரியாமல் சாசருக்கு அடியில் தாளை மடித்து வைத்துவிட்டார். நாங்கள் சிக்னலைத் தாண்டுவதற்குள் அந்தப் பெண் ஓடி வந்து, 'இதை மறந்துவிட்டீர்கள்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். நேர்மையான ஊர், அதற்குக் குறைவில்லை.

இந்தக் கூத்து நடக்கிற நகரம் எது தெரியுமா? ஐரோப்பாவிலேயே முதன்முதலாக வங்கித் தாள் அச்சடித்த நகரம். 1661-இல். அந்தக் காலத்தில் செப்புத் தகட்டைப் பணமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள், பெரிய தகடு ஒன்று கிட்டத்தட்ட 20 கிலோ. காகிதத்தில் பணம் என்ற யோசனையையே அந்தக் கண்டத்துக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு, இன்றைக்குக் காகிதத்தைப் பார்த்தால் கரப்பான்பூச்சியைப் பார்த்த மாதிரி முழிக்கிறார்கள். அதே நாட்டு அரசு 2024-இல் வீட்டுக்கு வீடு ஒரு கையேடு அனுப்பியது, போர் வந்தால், நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்று. அதில் வீட்டில் கொஞ்சம் ரொக்கமும் வைத்திருங்கள் என்று அறிவுரை. வைத்திருந்து? போர் வந்த அன்றைக்கு மட்டும் அந்தக் காப்பிக் கடையில் திடீரென்று பணப் பெட்டி முளைக்குமா?

உடனே ஒருவர் வருவார், 'மேடம், நம்ம ஊர்லயும் எல்லாம் ஜிபேதான், காலத்தோட ஓடுங்க' என்று. ஓடுகிறேன் சார். நம்ம ஊர் டீக்கடையிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறதுதான். ஆனால் நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் டீ மாஸ்டர் அதை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு டீ தருவார், 'சில்லறையாக் குடுங்கக்கா' என்று சலித்துக்கொள்வாரே தவிர வேண்டாம் என்று சொல்ல மாட்டார். நான் கேட்பது அவ்வளவுதான். கார்டு வேண்டாம் என்றா சொன்னேன்? அது படுத்துவிட்டால் இன்னொரு வழி இருக்கட்டும் என்றுதானே சொல்கிறேன்.

மளிகைக் கடையில் மட்டும் வாங்கினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு கார்போ தாளை இயந்திரம் உறிஞ்சிக்கொண்டு சில்லறையாகத் துப்பியது. தாளுக்கே மதிப்பில்லாத ஊரில் சில்லறையை என்ன செய்ய? கடை வாசலில் காகிதக் கோப்பையோடு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். அம்மா அத்தனையும் கோப்பையில் போட்டார். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். இரண்டு நாளில் எங்கள் காசை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்ட ஒரே மனித ஜீவன்.

ஊர் திரும்பி, மிச்சமிருந்த இரண்டு கார்போவைப் பணம் மாற்றும் கடையில் கொடுத்தேன், சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். மூன்று லின்னேயஸையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கமே தள்ளிவிட்டார்கள். சாயங்காலம், நோட்டுக் கொடுத்த அந்தச் சித்தப்பா மகன் போன் பண்ணினான். ட்ரிப் எப்படி, பணம் உதவியதா என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் சொல்கிறான்: 'அக்கா, மேஜை டிராயர்ல அந்த ஊர்ச் சில்லறை வேற அரைக் கிலோ கிடக்கு, அடுத்த தடவை போறப்ப எடுத்துட்டுப் போறியா?'